இடது கன்னம்

என் மகள் பிறந்து மூன்று வாரம் ஆகியும் அவள் முகத்தை நான் முழுசாகப் பார்த்ததில்லை. "குழந்தை யார் ஜாடை?" என்று யாராவது கேட்டால் "பிளாஸ்திரி ஜாடை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். கேட்டவர்கள் முகம் சுண்டிப்போகும். போகட்டும்.

ஏழாம் மாதக் கடைசியில் பிறந்துவிட்டாள். சப்பிக் குடிக்கத் தெம்பு இல்லை. மூக்கு வழியாக வயிறு வரைக்கும் ஒரு மெல்லிய குழாய் விட்டிருந்தார்கள். அது நகராமல் இருக்க, உதட்டுக்கு மேலிருந்து வலது கன்னம் முழுக்க வெள்ளைப் பிளாஸ்திரி. லேசான சிவப்பாக இடது கன்னத்திலும் முந்தின பிளாஸ்திரியின் தடம். மிச்சம் எனக்குக் கிடைத்தது ஒரு நெற்றியும் இரண்டு கண்ணும். அந்தக் கண்ணையும் பாதி நேரம் மூடியே வைத்திருப்பாள்.

திருவண்ணாமலையில் அந்த ஆஸ்பத்திரி மாடியில் கண்ணாடி போட்ட ஓர் அறை. பெற்றவள் பால் வேளைக்கு மட்டும் உள்ளே போகலாம், குழந்தையின் பாதத்தை மட்டும் தொடலாம். அப்பன்காரன் தினம் ஒரு தடவை உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து கிண்ணத்தில் பாலைப் பிழிந்து கொடுப்பேன். நர்ஸ் உஸ்மா அதைச் சிரிஞ்சில் ஊற்றித் தூக்கிப் பிடிப்பாள். என் பால் என் கண்முன்னாலேயே குழாயில் இறங்கும். மார் கட்டிக்கொண்டு விண்விண்ணென்று தெறிக்கும்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் காலை உதறிக்கொண்டு கிடப்பாள். அந்தக் கண்ணாடியை உடைத்துவிடலாமா என்று உண்மையாகவே யோசித்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். கெமிஸ்ட்ரி. குறைமாதத்தில் பெற்றதற்கும் அதுதான் காரணம் என்று என் மாமியார் கீழ்பென்னாத்தூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். புஸ்தகச் சூடு வயிற்றுக்கு ஆகாதாம்.

அந்த வாரம் பிளாஸ்திரி ஒட்டவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. காலையில் ஒட்டினால் மத்தியானம் ஓரம் தூக்கிக்கொள்ளும். குழாய் நழுவும். நழுவின குழாயில் பாலை விட்டால் நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் உஸ்மா எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு, முந்தினதைவிடப் பெரிய துண்டாக வெட்டி மறுபடி ஒட்டுவாள். அன்றைக்கு ஒரு முனை தளர்ந்திருந்தது, மறுமுனை கெட்டியாகப் பிடித்திருந்தது. ஈரம்கூடக் காட்டாமல் வறட்டென்று இழுத்தாள். பிளாஸ்திரியோடு தோலும் வந்தது. ஆறின பால் மேல் படியும் ஏடு மாதிரி, அவ்வளவு மெலிசாக.

குழந்தை அழுதாள். சத்தம் வரவில்லை. வாய் மட்டும் கோணிக்கொண்டு திறந்தது.

"அறிவு இருக்கா உனக்கு? கோழிய உரிக்கிற மாதிரி உரிக்கிற?" என்று கத்தினேன்.

உஸ்மா பஞ்சை எடுத்துக் கன்னத்தில் ஒற்றினாள். "வறட்டுனு இழுத்தது என் தப்புதான் அக்கா. அதுக்கு எவ்ளோ வேணா திட்டுங்க. ஆனா ஏன் தெனம் தெனம் ஒட்ட மாட்டேங்குதுன்னும் கேளுங்க."

பிளாஸ்திரியின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஓரத்தில் கருப்பாக, வழவழவென்று ஒரு வட்டம்.

"வெளக்கெண்ணெ மை. எண்ணெ மேல பசை எங்க நிக்கும்? நீங்கதான வெக்கிறீங்க?"

"நானா? நான் கெமிஸ்ட்ரி படிச்சவ."

"அப்ப யாரு வெச்சது, டாக்டரா?"

என் மை டப்பா கூடைக்குள் துணிக்கு அடியில் இருந்தது. அது அங்கே இருப்பது எனக்கும் இன்னொரு ஆளுக்கும்தான் தெரியும்.

அந்த ஆள் மாறன், என் புருஷன். கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் வேன் ஓட்டுகிறான். வேனுக்குப் பின்னால் கருப்புக் கயிறு, முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும், கண்ணாடி மூலையில் ஒரு மைப்பொட்டு. பிரேக்கைவிட அவன் நம்புவது இதையெல்லாம்தான். டிரிப் முடித்து வந்தவனை மாடிப்படியிலேயே மறித்தேன்.

"ஏன்யா, புள்ள கன்னத்துல மை வெச்சியா?"

"மெதுவா பேசு."

"வெச்சியா இல்லியா?"

"எட்டிப் பாக்க வுட்டப்ப பிளாஸ்திரி ஓரமா ஒரு புள்ளி வெச்சேன். போறவன் வர்றவன் எல்லாம் கண்ணாடி வழியா பாத்துக்கினே போறான். கண்ணு பட்டுடும்ல?"

"தெனமுமா?"

"அவங்க தொடச்சிடறாங்களே."

"அவ என்னா உன் வேனா, பம்பர்ல பொட்டு வெக்கறதுக்கு? அந்தப் பொட்டாலதான் பிளாஸ்திரி நிக்கல. நிக்கலைன்னு பிச்சி பிச்சி ஒட்டி, இப்ப தோலே உரிஞ்சி போச்சு. போய்ப் பாரு."

மாறன் போகவில்லை. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "உனக்காவது பால்னு ஒண்ணு கீது, குடுக்கற. நான் என்னாத்த குடுப்பேன்? வெரல் நுனிதான் பட்டுச்சுடி மணி. அதுவும் கைய கழுவிட்டுத்தான்" என்றான்.

அறையலாம் போல இருந்தது. அவன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கோபத்தில் பாதி பொறாமை என்று அப்போதுதான் தெரிந்தது. இவன் அவள் கன்னத்தைத் தொட்டிருக்கிறான். பெற்றவள் நான், சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு, கால் கட்டைவிரலோடு நின்றிருக்கிறேன்.

டாக்டர் சக்கரவர்த்தி கன்னத்தைப் பார்த்துவிட்டு எங்களை வெளியே கூப்பிட்டார். "வலது பக்கம் இனிமே எதுவும் ஒட்டக் கூடாது. புண்ணு ஆறணும். இடது பக்கமும் ஏற்கெனவே செவந்திருக்கு. அதுவும் உரிஞ்சி, கிருமி உள்ள பூந்துச்சுன்னா வேலூருக்கு அனுப்பிடுவேன். இந்த எடையில..."

"குழாய் இல்லாம பால் குடுக்க முடியாதா?" என்றேன்.

"இன்னும் முடியாதும்மா. சப்பக் கத்துக்கல. தோலுக்கும் பிளாஸ்திரிக்கும் நடுவுல ஒரு ஷீட் ஒட்டினா தப்பிச்சிக்கலாம். ஆபரேஷன் ஆகி வயித்துல பை மாட்டுறவங்களுக்கு ஒட்டுற மெத்துனு ஒரு ஷீட். அது நம்மகிட்ட இல்ல. டவுன் கடையிலயும் கெடைக்காது."

"வேலூர்ல கெடைக்குமா சார்?" என்றான் மாறன்.

மறுநாள் பௌர்ணமி. வேன்காரன் வாய்விட்டுச் சிரிக்கிற நாள் மாதத்தில் அது ஒன்றுதான். மாறன் சாவியைக் கூட்டாளி தருமனிடம் கொடுத்துவிட்டு விடிகாலையிலேயே வேலூர் பஸ் ஏறினான். அன்றைக்கு முழுக்க இடது கன்னத்தில் நூல் மாதிரி ஒரு துண்டுப் பிளாஸ்திரி மட்டும்தான் குழாயைப் பிடித்திருந்தது. உஸ்மா விரலாலும் பிடித்துக்கொண்டே பால் ஊற்றினாள். வலது கன்னம் ஈரச் சிவப்பாக, திறந்து கிடந்தது. எந்தக் கன்னத்துக்காக மூன்று வாரம் ஏங்கினேனோ அது கண்ணுக்கு முன்னால் இருந்தது. பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் பஸ்ஸை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். மலை சுற்ற வந்த அத்தனை கூட்டத்துக்கும் நடுவில் புகுந்து நடந்து வந்தான் மாறன். சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது. கையிலிருந்த கவர் கசங்கவில்லை.

உஸ்மா ஷீட்டில் சின்னத் துண்டாக வெட்டினாள். மூலைகளை எல்லாம் வளைத்து வளைத்து வெட்டினாள்.

"எதுக்கு சிஸ்டர் அவ்ளோ அழகு பாக்கறீங்க?" என்றான் மாறன்.

"மூல இருந்தா அங்கேருந்துதான் தூக்கிக்கும். அண்ணே, முழங்கை வரைக்கும் சோப்பு போட்டு கழுவிட்டு வாங்க." கழுவிவிட்டு வந்தவனிடம் துண்டைக் கொடுத்தாள். "ரெண்டு கைக்கும் நடுவுல வெச்சிக்கினு நில்லுங்க. சில்லுனு இருந்தா பிடிக்காது. சூடேறணும்."

"நானா?"

"என் கை ஐஸ் மாதிரி இருக்கு. அக்கா கை பட்டா பொசுங்கிடும்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாறன் சிரிக்கவில்லை. கைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மூச்சுகூடச் சத்தமில்லாமல் விட்டபடி நின்றான். கியர் தள்ளித் தள்ளிக் காய்த்துப்போன கை.

"போதுமா சிஸ்டர்?"

"இன்னும் கொஞ்சம்."

உஸ்மா குழந்தையின் இடது கன்னத்தைத் தண்ணீர்ப் பஞ்சால் ஒற்றி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, காயவிட்டாள். மாறனின் கைச்சூடு ஆறுவதற்குள் அந்தத் துண்டு என் மகள் கன்னத்தில் இருந்தது. அதன்மேல் குழாய். குழாய்மேல் பிளாஸ்திரி. பிளாஸ்திரி எங்கேயும் தோலைத் தொடவில்லை.

"பொட்டு வெச்சே ஆகணும்னா உள்ளங்கால்ல வைங்க. அங்க நான் எதுவும் ஒட்ட மாட்டேன்" என்றாள் மாறனிடம்.

அதற்கப்புறம் பிளாஸ்திரி மாற்றும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்றேன். போகச் சொன்னாலும் போகவில்லை. உஸ்மா ஒரு விரலால் ஷீட்டை அழுத்திக்கொண்டு, ஈரப் பஞ்சால் நனைத்து நனைத்து, பிளாஸ்திரியை மேலே தூக்காமல் அதன்மேலேயே மடித்து மடித்து எடுப்பாள். குழந்தை தூங்கிக்கொண்டே இருப்பாள். வலது கன்னம் காய்ந்தது, மேல்தோல் கட்டியது, வெளுத்தது. ஒரு நாள் உஸ்மா, "தொட்டுப் பாருங்க அக்கா" என்றாள். தொட்டேன். ஒன்றுமே தொடாத மாதிரி இருந்தது, அவ்வளவு மெத்தென்று. ஆனால் அது பாதி முகம்தான்.

கடைசியில் அவள் சப்பக் கற்றுக்கொண்டாள். முதல் தடவை மார்பைக் கவ்வியபோது எனக்கு உச்சந்தலை வரைக்கும் வலித்தது. விடவில்லை நான். குழாயை எடுத்தார்கள். மேல் பிளாஸ்திரியை எடுத்தார்கள். அடியில் இருந்த ஷீட்டை எடுக்கவில்லை.

"அதையும் எடுத்துடுங்களேன்" என்றேன்.

"இழுக்கக் கூடாதும்மா. தானா வுழும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தோம். எல்லாரும் வந்து பார்த்தார்கள், மாமியார் உட்பட. "கன்னத்துல என்னாடி ஒட்டு?" என்றார். "வேலூர் பொட்டு" என்றேன். இடது கன்னத்தில் அந்தத் தவிட்டு நிறத் துண்டு அப்படியே இருந்தது. நான் பொறுமைக்காரி இல்லை. வரிசையில் நிற்க மாட்டேன், சோற்றை வெந்தும் வேகாமலும் இறக்கிவிடுவேன். பால் கொடுக்கும்போதெல்லாம் அதன் ஓரம் லேசாகச் சுருண்டிருப்பது தெரியும். நகத்தால் ஒரு நெம்பு போதும். கை அங்கே வரைக்கும் போகும். திரும்பிவிடும். ஒவ்வொரு டிரிப் முடிவிலும் மாறன் வாசலில் நின்றே கேட்பான்.

"வந்துச்சா?"

"இல்ல."

"இழுத்துடாதடி."

"எனக்குத் தெரியும், போய்யா."

வெயில் ஏறின ஒரு காலையில், இடது கன்னம் என்மேல் அழுந்தப் படுத்துக்கொண்டு குடித்தாள். வேர்வையும் பாலுமாக இருவருக்கும் நடுவில் நசநசவென்று ஈரம். குடித்து முடித்து வாயை விட்டுத் தலையைத் திருப்பினாள். கன்னத்தில் துண்டைக் காணோம். என் மார்பில் ஒட்டிக்கொண்டு இருந்தது.

பார்த்தேன். தழும்பு இல்லை. சிவப்பு இல்லை. மூக்கு, மேல் உதடு, இரண்டு கன்னம், எல்லாம் சேர்ந்து ஒரு முகம். மாறன் ஜாடை. எனக்கு அதிலும் கொஞ்சம் எரிச்சல்தான்.

வெளியே வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. "யோவ்!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு ஓடி வந்தான். வாசற்படியிலேயே நின்றான். அவளையே பார்த்தான்.

"தொடட்டா?"

"கைய கழுவு."

கழுவிவிட்டு வந்தான். உடனே தொடவில்லை. ஈரக் கைகள் இரண்டையும் சேர்த்து வைத்து, சூடேறும் வரைக்கும் தேய்த்துக்கொண்டே நின்றான்.

"போதுமா?" என்றான்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.