சின்னவனின் படிகள்

நாலாவது மாடிக்குப் போகும் படிக்கட்டு, சின்னவன் வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து அவனுக்கு மட்டும் நீண்டுகொண்டே போனது. மற்றவர்களுக்கு அது பழைய படிக்கட்டுதான். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அம்மா நூல்கண்டு தீர்ந்தால் கீழே போய் வாங்கிக்கொண்டு ஒரே மூச்சில் திரும்பிவிடுவாள். அவளுக்கு முன்னால் ஏறத் தொடங்கிய மகன், அவள் ஒரு ரவிக்கையைத் தைத்து மடித்து வைத்த பிறகு வந்து சேர்வான். வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பாடு ஆறிப்போகிறதே என்பதுதான் அம்மாவின் குறை.

காரணம் அவனுக்குத் தெரியும். அவன் வேலை பார்த்த பார்சல் கிடங்கில் சிகரெட் பிடிக்கிறவர்கள் மட்டும்தான் நடுவில் வெளியே போய் நிற்கலாம். பிடிக்காதவன் அவர்களுடைய பெட்டிகளையும் சேர்த்து அடுக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பாகக் கேட்கும். யாருக்குச் சம்பள உயர்வு, யாருக்குக் கல்யாணம் என்பதெல்லாம் அங்கேதான் முதலில் தெரியும். ஒருநாள் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் லாரி ஓட்டுநர், "வாடா, சும்மா இதைக் கையில வச்சுக்கிட்டு நில்லு" என்று ஒன்றை நீட்டினான். முதல் இழுப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது ஒரு படி கூடியிருந்தது. சும்மா நிற்கப் போனவனுக்கு, கொஞ்ச நாளில் அது இல்லாமல் பல் துலக்கக்கூட முடியவில்லை.

நிறைமாதமாக வீட்டிலிருந்த அக்காவுக்கு ஒரு மத்தியானம் வலி எடுத்தது. அம்மா போன் பண்ணினாள். சின்னவன் ஒரு வேனைப் பிடித்துவந்து வாசலில் நிறுத்திவிட்டு, அக்காவைத் தாங்கி இறக்க மேலே ஓடினான். பாதி வழியில் மூச்சு நெஞ்சை முட்ட, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அம்மாவின் தோளைப் பற்றிக்கொண்டு அக்கா இறங்கி வந்தாள். அவனைத் தாண்டும்போது, அந்த வலியிலும், "நீ மெதுவா வாடா, அவசரமில்ல" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இறங்கவும் அவனுக்கு அதே தூரம். அவன் தரையைத் தொடுவதற்குள் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்துவிட்டது.

மறுநாள் சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டைக் குப்பையில் போட்டான். வாய் கசந்தது, அம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தான். ஒருமுறை தோற்றான், மறுபடியும் தோற்றான். அப்போதெல்லாம் படி கூடியது. முயற்சியை விடவில்லை. இடைவேளைக்கு மட்டும் வழக்கம்போலப் போய் நின்றான், வெறுங்கையோடு. "நீதான் விட்டுட்டியே, உனக்கு எதுக்குப்பா ரெஸ்ட்டு?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"எனக்கும்தான் கால் வலிக்குது சார். நின்னுட்டு வர்றேன்" என்றான், நகராமல். அவர் உள்ளே போனார். அதன் பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களும் வெறுங்கையோடு வந்து நின்றார்கள். படிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

எல்லாம் போகவில்லை. அக்கா மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் வீட்டுச் சொந்தக்காரர் படிக்கட்டுக்குப் பெயிண்ட் அடித்தார். மிச்சமிருந்த அந்த நாலைந்து படிகளுக்கு மட்டும் பெயிண்ட் போய்ச் சேரவில்லை. சின்னவன் அதே நிறத்தில் ஒரு டப்பா வாங்கிவந்து, உட்கார்ந்து உட்கார்ந்து தன் படிகளுக்குத் தானே அடித்தான்.

"எங்கடா போன இவ்வளவு நேரம்?" என்றாள் அம்மா.

"என் படிக்குப் பெயிண்ட் அடிச்சேன்."

"ஓரமெல்லாம் விடாம அடிச்சியா?" என்று கேட்டாள் அம்மா.