தொட்டியைப் பார்க்க ஒரு லென்ஸ்

எதிர் மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டிருக்கிறது. அது சரிந்தால் நேராக என் மகள் வீட்டுக் கூரையில்தான் விழும். அந்தக் கட்டடச் சங்கத்தின் செயலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"அது மழைத்தண்ணி இறங்குன கறை, பெரியவரே. முதல்ல கண்ணாடிய மாத்துங்க."

மேலே ஏறவும் விடவில்லை. மாடிக் கதவில் பூட்டு. படம் எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டாமல் விடுவதில்லை என்று பழைய கேமரா கடைக்குப் போனேன்.

கடைக்காரர், தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் டெலி லென்ஸ் ஒன்றை, முழங்கை நீளத்தில், எடுத்து வைத்தார். நல்ல லென்ஸ் என்றார். விற்கிறவன் வேறென்ன சொல்வான்? டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று நானே பார்த்தேன்.

"இதுல தானா ஒண்ணும் நடக்காதுங்க. ஃபோகஸ கையாலதான் திருகணும்."

"தானா நடக்கிற எதையும் நான் நம்புறதில்ல. குடுங்க."

மருமகனின் கேமராவில் மாட்டி, மகள் வீட்டு மாடியில் ஸ்டாண்டு போட்டு எடுத்தேன். எத்தனை எடுத்தும் மங்கல்.

"மாமா, இது தொட்டியா, பஞ்சு மூட்டையா?" என்றான் மருமகன்.

"உன் கேமரா லட்சணம் அப்படி."

கடைக்காரன் மட்டமான லென்ஸை என் தலையில் கட்டிவிட்டான் என்று சண்டைக்கே போனேன். அவர் அதே லென்ஸைத் தன் கேமராவில் மாட்டி, தெருக்கோடி விளக்குக் கம்பத்தைப் படம் எடுத்துக் காட்டினார். படம் கத்தி போலக் கூர்மையாக இருந்தது.

"நீங்க எப்படித் திருகுனீங்க?"

"தூரத்துல இருக்கிறதுக்குக் கடைசி வரைக்கும். வேற எப்படி?"

"அதான் தப்பு. சூட்டுல உலோகம் விரியும்னு கடைசியில கொஞ்சம் இடம் விட்டிருப்பாங்க. முட்டின பிறகு ஒரு மயிரிழை பின்னால வாங்க."

குழாய் மாட்டியே பழகிய கை இது. முட்ட முறுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வெயில் ஏறுமுன் மறுபடி மாடிக்குப் போனேன். முட்டத் திருகினேன், மயிரிழை பின்வாங்கினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். சிமெண்டு பெயர்ந்து துருக்கம்பி பல்லைக் காட்டியது படத்தில் தெளிவாக விழுந்தது.

"இது எந்த ஊர்த் தொட்டியோ?" என்றார் செயலாளர், நான் நீட்டிய படத்தைப் பார்த்து.

"வாங்க, உங்க கண்ணாலயே பாருங்க."

விடாமல் மகள் வீட்டு மாடிக்கு இழுத்து வந்தேன். கேமராவில் குனிந்து பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"மோட்டார போடாத. தொட்டிய உடனே காலி பண்ணு." என்னைப் பார்த்து, "சொல்லிட்டேன் பெரியவரே, நீங்க போய்ப் படுங்க" என்றார்.

போனில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் பேசலாம். கட்டடத்து வடிகுழாய் வாயில் தண்ணீர் கொட்டத் தொடங்கும்வரை நான் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.