அம்மா மாட்டுக் கயிறு

என் மாப்பிள்ளை தருவிங்கா வாயைத் தொறந்தா போதும், கல்லும் எந்திரிச்சு நடக்கும். அவன் பேரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். அப்பேர்ப்பட்ட நானே இதைச் சொல்றேன்னா பாத்துக்குங்க.

எனக்குன்னு இந்த உலகத்துல இருந்தது ஒரே ஒரு மாடு. பேரு செனா. புருஷன் போனதும் அவர் தம்பிங்க வந்து நிலம், குடிசை, கலப்பை, கோழிக்கூடு வரைக்கும் பிரிச்சுக்கிட்டாங்க. செனாவை மட்டும் தொடல. தொட முடியாது, அது அம்மா மாடு. பொண்ணைக் கட்டிக்கிறவன், அவளைப் பெத்தவளுக்குன்னு தனியா கொண்டாந்து கட்டுற மாடு. எந்த ஆம்பளைக்கும் அதுல பங்கு கெடையாது. மீறிக் கை வெச்சா அந்தக் குடும்பமே வெளங்காது. அப்படிச் செனாவைக் கொண்டாந்து என் வாசல்ல கட்டினவன் தருவிங்காதான்.

அப்பல்லாம் செவ்வாக்கெழமை ஆனா மாடுங்களை மருந்துத் தொட்டிக்கு ஓட்டிட்டுப் போகணும். வெள்ளைக்காரன் சட்டம். மாடு ஒவ்வொண்ணா தொட்டியில குதிச்சு நீந்திக் கரையேறும், உண்ணி செத்து உதிரும். மேட்டுல ஒரு ஆபீசர் நோட்டும் கையுமா நின்னு எண்ணுவான். கூடுதலா இருந்தா வித்துடுன்னு உத்தரவு வரும்.

ஒரு ஞாயித்துக்கெழமை முசாசா மரத்தடியில கூட்டம். தருவிங்கா ஒரு எண்ணெய் டின் மேல ஏறி நின்னான். கத்தவே இல்ல. வேலியோரம் நின்னு பேசுற மாதிரி ஆரம்பிச்சான்.

"நம்ம பாட்டனுங்க மாடு வெச்சிருந்தாங்களா இல்லியா? எவன் வந்து குளிப்பாட்டி விட்டான்? அவனுக்கா உங்க மாட்டு மேல பாசம்? எண்ணுறதுக்குய்யா! இன்னைக்கு மாட்டை எண்ணுறான். நாளைக்கு நிலத்தை அளப்பான். அப்புறம் உன் புள்ளையை எண்ணிச் சுரங்கத்துக்கு ஓட்டுவான். நாமளும் வாராவாரம் ஓட்டிக்கிட்டுப் போய், 'ஐயா, எண்ணிக்கோ'ன்னு நிக்கிறோம். வெக்கமா இல்ல?"

எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. மறுநாள் தொட்டியை மூடப் போனப்போ மொதக் கல்லைப் போட்டவ நான்தான். பக்கத்து வீட்டு செஞ்சிரா அம்மா தயங்கித் தயங்கி நின்னா.

"அக்கா, உண்ணி புடிச்சா என்ன பண்றது?"

"உனக்கு மாடு பெருசா, மானம் பெருசாடி?"ன்னேன்.

அது அவன் சொல்லிக் குடுத்தது இல்ல. என் வாயில தானா வந்துச்சு. சொன்னதும் நல்லா இருந்துச்சு, பொய் சொல்வானேன்.

மழை வந்துச்சு. கூடவே உண்ணியும் வந்துச்சு. செஞ்சிரா அம்மாவோட ரெண்டு மாடும் ஒரே வாரத்துல செத்துச்சு. அவ என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டுத் தொலைச்சிருந்தா மனசு ஆறியிருக்கும். அடுத்தது செனா. காதுக்குள்ள உண்ணி கொத்துக் கொத்தா. நாள் பூரா உக்காந்து புடுங்குவேன், விடிஞ்சா மறுபடி அத்தனை. அப்புறம் காதுக்குக் கீழ கட்டி வந்துச்சு. வெள்ளைக்காரப் பாதிரிங்களோட மிஷன் பண்ணையில மருந்து இருந்துச்சு, மாட்டைக் குளிப்பாட்டவும் செய்வாங்க. ஆனா அங்க போனவன் வீட்டுத் தானியக் கூட்டைத் தருவிங்காவோட கட்சிப் பசங்க கொளுத்திட்டானுங்க.

நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வரணும்னு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். என்னைப் பாத்ததும் மாமியாருக்குச் செய்யுற முறைப்படி மண்டி போட்டு, கையைக் குவிச்சுத் தட்டினான்.

"மாப்பிள்ளை, நீ கட்டின மாடு சாகப் போவுது. மிஷனுக்கு ஓட்டிட்டுப் போறேன். உன் பசங்க மறிக்கக் கூடாது, ஒரு வார்த்தை சொல்லு."

"போங்க அத்தை. நான் தடுக்கல."

மண்டி போட்டபடியே எனக்கு மணையை நகத்திப் போட்டான்.

"மொதக் கல்லு போட்ட கை உங்க கை. அந்தக் கை கயித்தைப் புடிச்சுக்கிட்டு அவங்க வாசல்ல நின்னா, ஊரே பின்னால வந்து நிக்கும். நிக்கட்டும். தொட்டியை மூடினதுக்கு ஜெயிலுக்குப் போன பசங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன், எங்க அத்தைக்கு மானத்தை விட மாடு பெருசாப் போச்சுன்னு."

செஞ்சிரா அம்மாகிட்ட நான் சொன்னது அவன் காதுக்கு எப்படிப் போச்சோ தெரியாது. திட்டப் போனவ நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரும்பி வந்தேன். என்னைத்தான் செருப்பால அடிக்கணும்! வழியில எதிர்ப்பட்டவங்ககிட்ட எல்லாம், "போனா போவுது, ஒரு மாடுதானே"ன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். மூணாம் நாள் செனா வாயில நுரை தள்ளி விழுந்துச்சு. கண்ணு ரெண்டும் வெளுத்து, நான் நிக்கிறதுகூட அதுக்குத் தெரியல.

அப்புறம் நாடு நம்ம கைக்கு வந்துச்சு. தருவிங்கா ஜில்லா சேர்மன் ஆனான், காரும் தொப்பையும் வந்துச்சு. அதே எடத்துல அதே தொட்டியை மறுபடி கட்டினாங்க. தெறப்பு விழாவுக்கு எல்லாரும் மாட்டை ஓட்டிட்டு வந்தாங்க. நான் செனாவோட கயித்தை மட்டும் எடுத்துட்டுப் போனேன். எல்லார் முன்னாடியும் அவன் மூஞ்சில விட்டெறியணும், அவ்வளவுதான் ஆசை.

இந்தத் தடவை மேடையும் மைக்கும் இருந்துச்சு. "மாட்டை மருந்துல விடாதவன் நாட்டுக்குத் துரோகி!"ன்னான். ஜனங்க கை தட்டினாங்க. மேட்டுல நோட்டோட ஒரு ஆபீசர், இப்ப நம்ம ஆளு.

நான் நேரா மேடையேறி, கயித்தை அவன் காலடியில எறிஞ்சேன்.

"எங்கடா என் மாடு?"

அவ்வளவு பெரிய சேர்மன் கோட்டோட மண்டி போட்டான். கையைக் குவிச்சுத் தட்டினான். மெதுவா கயித்தை எடுத்து ரெண்டு கையாலயும் தூக்கிக் காட்டினான்.

"பாருங்க ஜனங்களே! எங்க அத்தை. தனக்குன்னு இருந்த ஒரே மாட்டை இந்த நாட்டுக்குக் குடுத்த தாய்!" கயித்தை இன்னும் ஒசத்திப் புடிச்சான். "சுதந்திரம் என்ன விலைன்னு கேப்பீங்களே, இந்தா இந்தக் கயித்தைக் கேளுங்க!"

பொம்பளைங்க குலவை போட்டாங்க. யாரோ என்னைத் தூக்கி நாற்காலியில உக்கார வெச்சாங்க. செஞ்சிரா அம்மா மட்டும் கூட்டத்துல அசையாம நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. சத்தியமா சொல்றேன், எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுச்சு. பாழாப்போன இந்தக் கை, அதுவும் சேந்து தட்டுச்சு.

கயித்தை அவன் காருல போட்டுக்கிட்டுப் போயிட்டான். அடுத்த ஊர்லயும் கூட்டம் இருக்காம்.