ஏழாம் போத்தல்

ஏழாம் போத்தலைப் பற்றி எங்கள் ஆய்வுகூடத்துப் பதிவுப் புத்தகத்தில் நான் எழுதியது இரண்டே வரி. "மதுசாரம் கலந்திருந்தது. முடிவுகள் செல்லாது." அந்த இரண்டு வரிக்குப் பின்னால் என் மச்சாள் செலீனா இருக்கிறாள். பதிவுப் புத்தகத்தில் அதை எழுதக் கட்டம் இல்லை.

என் பெயர் அன்ரோனெற். பேசாலையில் பிறந்தவள், கொழும்பில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை. என்ன வேலை என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். கடலட்டையைப் பிடித்து உலுப்பினால் அது தன் குடலையே வெளியே கக்கிவிடும். சில கிழமையில் உள்ளே புதுக் குடல் வளர்ந்துவிடும். அந்த வித்தை அதன் உடம்பில் எங்கே இருக்கிறது, மனிதருடைய புண்ணையும் அது ஆற்றுமா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. ஒரு சிறு தட்டில் மனிதத் தோலின் கலங்களை, அதாவது உயிரணுக்களை, பாய் விரித்த மாதிரி வளர்த்து, நடுவில் ஒரு கீறு போடுவோம். அட்டைச் சாற்றை விட்டு, அந்தக் கீறு எத்தனை மணித்தியாலத்தில் மூடுகிறது என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்போம். மூடும். அழகாக மூடும். அதைப் பார்த்துப் பார்த்தே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

அட்டை அனுப்புகிறவர் என் அண்ணன் பஸ்ரியன். சுழியோடி அட்டை பிடிப்பது அவருடைய தொழில். கடலுக்குள் எவ்வளவு துணிந்தவரோ கரையில் அவ்வளவு பயந்தாங்கொள்ளி, அதுவும் மனைவிக்கு. மாதத்தில் இரண்டு தடவை அட்டைகளை வாயகன்ற போத்தலில் கடல் தண்ணீரோடு போட்டு, ஐஸ் நிரப்பிய பெட்டியில் வைத்து, கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிடுவார். போத்தலுக்கு நம்பர் போடுவது என் வேலை.

அவருடைய மனைவிதான் செலீனா. அவள் எனக்கு மச்சாளாவதற்கு முதலே என் வகுப்புக்காரி. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்தோம். என்னைப் பார்க்க வருகிற சாட்டில் என் அண்ணனைப் பிடித்துக்கொண்ட கள்ளி அவள்.

மார்பில் கட்டி வந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது. கொழும்பில் வெட்டி எடுத்தார்கள். வேறு இடத்தில் பரவியிருக்கலாம் என்று சந்தேகம் இருந்ததால் ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். எங்கள் பேராசிரியர் சரவணமுத்து அப்போது ஒரு புது வேலையைத் தொடங்கியிருந்தார். நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த கலங்களைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்கு எவ்வளவு சாகின்றன என்று பார்ப்பது. செலீனாவும் கையெழுத்துப் போட்டு, வெட்டிய கட்டியில் ஒரு சிறு துண்டைத் தந்தாள்.

"எடியே, என்னைப் போத்தில்ல போட்டு அடைக்கப்போறியோ?" என்று கேட்டாள்.

"ஓமடி. போத்தில்லயாவது நீ வாயை மூடிக்கொண்டு இருக்கிறியோ எண்டு பாப்பம்."

சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் அந்தக் கிழமையே மடு மாதா கோயிலுக்குப் போய், செலீனாவுக்குச் சுகம் வருமட்டும் சாராயம் ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டு வந்தார். கடலால் வந்தால் கால் போத்தல் இல்லாமல் படுக்காத மனிதர். அன்றோடு நிறுத்தினார். ஊரே மூக்கில் விரலை வைத்தது.

மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். செலீனாவின் வாய் முழுக்கப் புண். தண்ணீர் குடிக்கவே அழுவாள். அதே மருந்தை நான் அவளுடைய கலங்களுக்கு விட்டுப் பார்த்தேன். பத்தில் மூன்றுதான் செத்தன. அன்றே பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன்.

"தட்டு வேற, உடம்பு வேற," என்றார் பேராசிரியர். "இதை வைச்சு ஆஸ்பத்திரி மருந்தைக் குறை சொல்லேலாது. நீர் பயந்து ஒண்டும் செய்துபோடாதையும்."

பயந்துதான் செய்தேன். அட்டைச் சாறு சிலவகைப் புற்றுநோய்க் கலங்களைத் தடுப்பதாக எங்கோ வாசித்திருந்தேன். அண்ணனுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"அண்ணா, இந்தமுறை அட்டை செலீனாவுக்கு. எப்பிடியும் சனிக்கிழமைக்குள்ள எனக்குக் கிடைக்க வேணும்."

"அனுப்புறன் தங்கச்சி. நீ யோசியாதை."

அந்த வெள்ளி பெரிய வெள்ளி என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. பேசாலையில் பிறந்தவளுக்கு! கொழும்பில் இருந்தால் இப்படித்தான் எல்லாம் மறந்துபோகும்.

சனிக்கிழமை பின்னேரம் போத்தல் வந்தது. ஐஸ் ஒரு துண்டும் இல்லை, வழியில் உருகிவிட்டதாக்கும். ஆனால் அட்டைகள் கரையாமல் இறுக்கமாக இருந்தன. அண்ணனின் கைராசி என்று நினைத்தேன். சாற்றை உலர்த்தித் தூளாக்கும் யந்திரம் நாலு மாதமாகப் பழுது. அரைத்து, வடித்து, அப்படியே பாவித்தேன். மணக்கவில்லையா என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். எங்கள் வேலை மேசையை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஸ்பிரிட்டால் துடைப்போம். அந்த அறையில் எப்போதும் அதே மணம்தான்.

சாறு கொஞ்சம்தான் கிடைத்தது. வழமையாகத் தோல் கலங்களுக்கும் விட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நான் ஒரு துளிகூட அதற்கு ஒதுக்கவில்லை. முழுவதையும் செலீனாவின் கலங்களுக்கே விட்டேன். படித்த முட்டாள் என்று ஒருத்தி இருந்தால் அது நான்தான்.

செவ்வாய்க்கிழமை காலை நுணுக்குக்காட்டிக்குள் குனிந்தேன். ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் செத்து மிதந்தன. அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு, எல்லாம் அப்படியே. நான் நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். பிறகு பேராசிரியருக்குச் சொல்வதற்கு முதல், திரும்ப ஒரு தடவை செய்து பார்ப்பதற்கு முதல், பேசாலைக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"செத்திட்டுது அண்ணா! எல்லாம் செத்திட்டுது! உங்கட அட்டை கொண்டுபோட்டுது!"

அண்ணன் விம்மியது கேட்டது. "பாஸ்குத் திருநாள் கழிஞ்ச கிழமையிலயே மாதா கண் திறந்திட்டா," என்றார். ரெலிபோனைச் செலீனா பறித்தாள்.

"உண்மையாவோடி?"

"உண்மைதான். என்ர கண்ணால பாத்தனான்."

"அப்ப வாற கிழமை அந்த ஊசிக்கு நான் வரவேணுமோ? வாய் இன்னும் ஆறேல்ல அன்ரோ. நெருப்பை விழுங்கின மாதிரிக் கிடக்கு. உன்ர மருந்து வருமட்டும் பொறுப்பமோ?"

"டொக்டரிட்டக் கேட்டுப் பாப்பம்," என்றேன்.

கேட்கவில்லை. வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அவள் நாலாவது ஊசிக்கு வரவில்லை. ஐந்தாவதுக்கும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தபோது, வீட்டில் ஆளில்லை என்று அவளே தபால்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எனக்கு அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நானும் சிரித்தேன்.

எட்டாம் போத்தல் வந்தது. உறைபெட்டியில் எடுத்து வைத்திருந்த செலீனாவின் மிச்சக் கலங்களைத் திரும்ப வளர்த்து அவற்றுக்கு விட்டேன். கலங்கள் சாகவில்லை. என் கையில் பிழை என்று நினைத்தேன். ஒன்பதாம் போத்தலிலும் சாகவில்லை. பத்தாம் போத்தலில் முன்னையை விடச் செழிப்பாக வளர்ந்திருந்தன. புண்ணை ஆற்றுகிற சாறு அவற்றுக்கும் ஊட்டம் கொடுத்திருக்க வேண்டும். குறிப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினேன்.

பேராசிரியர் என் குறிப்புகளை முதலிலிருந்து வாசித்தார். "ஏழாம் போத்தில்ல தோல் கலத்துக்கு விட்டுப் பாத்தனீரோ?"

"இல்லை சேர். சாறு காணாது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "அது புற்றுநோயை மட்டும் கொண்டதோ, எல்லாத்தையும் கொண்டதோ எண்டு உமக்குத் தெரியாது. ஊருக்குப் போம். அந்தப் போத்திலுக்குள்ள என்ன நடந்தது எண்டு கேட்டுக்கொண்டு வாரும்."

மன்னாரில் பஸ் மாறி, பேசாலைக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். செலீனா குசினியில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். நன்றாக மெலிந்திருந்தாள், ஆனால் வாய்ப்புண் ஆறி முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன் முன்னறைக் கதிரையில் இருந்தார்.

"அண்ணா, ஏழாவது போத்திலை எப்பிடி அனுப்பினனீங்கள்?"

"வழமையாத்தான்."

"அது பெரிய வெள்ளிக்கு அடுத்த நாள் வந்தது. ஐஸ் எங்கால எடுத்தனீங்கள்?"

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பெரிய வெள்ளிக்கு எங்கள் ஊரில் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. வியாழன் காலையே பிடித்த அட்டை அது. வீட்டில் இருந்த ஐஸ் வெள்ளி காலையில் உருகிப்போனது, கடையோ வியாழன் பின்னேரத்தோடு பூட்டு. மன்னார் வரை சைக்கிள் உழக்கிப் போய்ப் பார்த்திருக்கிறார். அங்கேயும் பூட்டு.

"ஐஸ் இல்லாட்டி அட்டை கரைஞ்சு சளியாப் போகும் எண்டு உனக்குத் தெரியும்தானே," என்றார் மெல்ல. "நீ வேற செலீனாவுக்கெண்டு கேட்டனீ. முந்தி உங்கட கம்பஸ் ஆக்கள் வந்து அட்டையை ஸ்பிரிட்டுக்குள்ளதானே போட்டுக்கொண்டு போனவை. நான் ஸ்பிரிட்டுக்கு எங்க போறது? பக்கத்து வீட்டு அம்புறோஸ் அண்ணையிட்ட ஒரு போத்தில் சாராயம் வாங்கி அதுக்குள்ள ஊறப்போட்டனான். விடிய வடிச்சு ஊத்திப்போட்டு, கடல் தண்ணி விட்டு அனுப்பினனான்."

சாராயத்தில் ஊறின சாற்றை விட்டால் எந்தக் கலம்தான் சாகாது? தோல் கலம், குடல் கலம், எல்லாம் சாகும்.

"ஏனண்ணா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்ல?"

"நேர்த்தி வைச்சவன், அதுவும் பெரிய வெள்ளியில, சாராயம் வாங்கினவன் எண்டு இவள் அறிஞ்சா என்ன நினைப்பாள்? மாதா அறிய ஒரு சொட்டும் வாயில வைக்கேல்ல தங்கச்சி. கையைக்கூட மூண்டுதரம் கழுவினனான்." அவர் தலையை நிமிர்த்தினார். "சாராயம் போட்டதால மருந்துக்கு ஏதும் பிழையோ?"

நான் பதில் சொல்ல வாயெடுக்க முதல் குசினி வாசலில் செலீனா நின்றாள். கையில் தேத்தண்ணி. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அப்ப என்னைச் சுகப்படுத்தினது அம்புறோஸ் அண்ணையின்ர சாராயமோ?" என்று சிரித்தாள். "குடிகாரனைக் கட்டினதால ஒரு நன்மை வரப்போகுது எண்டு நானும் பாத்தன்."

சிரித்துக்கொண்டே கோப்பையை மேசையில் வைத்தாள். நான் சிரிக்காததைப் பார்த்தாள்.

"அன்ரோ," என்றாள், "நான் ரெண்டு ஊசி விட்டிட்டனடி."

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கொன்றது சாராயம்தான், அட்டையில் மருந்தே இல்லை என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுச் சனம் ஓடி வந்தது.

அடுத்த நாளே கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஈரலில் பரவிவிட்டது, முள்ளந்தண்டிலும் இருக்கிறது என்றார்கள். டொக்டர் என்னைப் பார்த்து, "நீங்கள் இந்தத் துறையில வேலை செய்யிற ஆள்தானே?" என்று மட்டும் கேட்டார். திரும்ப மருந்து ஏற்றினார்கள். இரண்டு தடவையோடு உடம்பு தாங்காது என்று நிறுத்தினார்கள். விடாமல் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாளா? யாருக்கும் தெரியாது. பத்தில் மூன்று செத்ததை நான் பார்த்தேனே, அந்த மூன்று பங்காவது செத்திருக்கும். அந்தக் கணக்கு என் தலையை விட்டுப் போவதில்லை.

கடைசி நாட்களில் ஒரு தடவை அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "நான்தானடி உன்னைக் கெடுத்தனான். ஊசிக்கு வா எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்ல."

"விசரி," என்றாள். குரல் வெளியே வரவில்லை. "நீ சொல்லியிருந்தாலும் வந்திருக்கமாட்டன். எனக்கு அந்த ஊசிக்குப் பயம். உன்ர மருந்து ஒரு நல்ல சாட்டு."

அது உண்மையா, என்னை ஆற்றுவதற்குச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. பிறகு, "அந்த மனுசனை ஏசாதை. எனக்காகத்தான் செய்தவர்," என்றாள். மடுத் திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருக்கச் செத்துப்போனாள்.

அவளுடைய கலங்கள் இன்னும் எங்கள் ஆய்வுகூடத்தில் இருக்கின்றன. இரண்டு நாளுக்கு ஒரு தடவை நான்தான் அவற்றுக்குத் தீனி மாற்றுகிறேன். அவளைத் தின்றவை அவை. அவளில் உயிரோடு மிஞ்சியிருப்பதும் அவைதான். வெறுக்கவும் முடியவில்லை, எடுத்து ஊற்றவும் முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஊருக்குப் போனேன். கோயிலால் வந்து, சனம் சாப்பிட்டுக் கலைந்தபின் அண்ணன் முற்றத்தில் தனியே இருந்தார். அந்த ஒரு மாதத்தில் அவர் ஒருவரோடும் சரியாகக் கதைக்கவில்லை, அழவும் இல்லை. பக்கத்து வீட்டு அம்புறோஸ் அண்ணைக்கு மனம் கேட்கவில்லை. ஒரு கிளாசில் சாராயம் ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினார்.

"இதைக் குடியும் பஸ்ரியன். கொஞ்சம் நித்திரையாவது வரட்டும். நேர்த்தியெல்லாம் முடிஞ்சுதுதானே. இனி ஆருக்காக?"

அண்ணன் கிளாசை வாங்கவில்லை.

"செலீனாவுக்குச் சுகம் வருமட்டும் எண்டுதானே அண்ணை மாதாவுக்குச் சொன்னனான்," என்றார். "இன்னும் சுகம் வரேல்லையே."