உண்மையான காரணம்: கங்காரு

ஏதோ வண்டி மோதிக் கங்காருவின் இடுப்பு முறிந்து ஒரு மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது. போலீஸ் வர இன்னும் அரை மணி ஆகும் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். நெரிடா டக்வெல், பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய பள்ளிப் பேருந்தை, அதன் நிழல் விலங்கின்மேல் விழும்வரை முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்திவிட்டு, சாலையோரச் சரளையில் உட்கார்ந்திருந்தாள். தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அதன் முகத்தை மூடியிருந்தாள். கண்ணை மறைத்தால் பயத்தில் பாதி குறையும். மறுபாதியைக் குறைக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

அடிபட்டு இனிப் பிழைக்காததைச் சுட்டு வலியை முடித்துவைக்க, போன வருடம்வரை ஆர்ச்சி இருந்தார். கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் துப்பாக்கியோடு வந்துவிடுவார். பிறகு அவர் கண்ணில் புரை விழுந்தது. கடைசியாகக் கூப்பிட்டபோது கங்காருவைக் குறிவைத்து, வேகக் கட்டுப்பாட்டுப் பலகையில் நூறு என்பதன் கடைசிப் பூஜ்யத்தைத் துல்லியமாகத் துளைத்தெடுத்தார். அன்றிலிருந்து அந்தச் சாலையில் சட்டப்படி வேகம் பத்துதான். யாரும் மதிப்பதில்லை. ஆர்ச்சி மறுநாளே தானாகப் போய்த் துப்பாக்கி உரிமத்தை ஒப்படைத்துவிட்டார்.

போலீஸ்கார இளைஞன் வந்து இறங்கி, வேலையை ஒரு நொடியில் முடித்தான். நூறு நிமிடம் காத்திருந்தது இந்த ஒரு நொடிக்குத்தான். சட்டையை உதறி எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறும்போதே நெரிடா முடிவு செய்துவிட்டாள்.

ஊருக்கு இது நம்ப முடியாத சேதி. இருபத்திரண்டு வருடமாக அநாதைக் கங்காருக் குட்டிகளைத் தலையணை உறைகளில் போட்டுக் கதவுக் கைப்பிடிகளில் தொங்கவிட்டு, நான்கு மணி நேரத்துக்கொரு தரம் பாட்டிலில் பால் கொடுத்து வளர்ப்பவள் அவள். துப்பாக்கியே கூடாது என்று மனு எழுதி, நூற்று நாற்பது பேர் உள்ள ஊரில் ஒன்பது கையெழுத்து வாங்கியவள். அதில் இரண்டு அவளுடையவை. அப்படிப்பட்டவள் அறுபத்து மூன்று வயதில் துப்பாக்கிப் பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். எழுத்துத் தேர்வில் முழு மதிப்பெண். சுடும் தேர்வில் அவளுடைய முதல் ஐந்து குண்டுகளும் நடுப்புள்ளியில் போய் விழுந்தன, பக்கத்து ஆளின் பலகையில். அந்த ஆளை வாத்தியார் எல்லோர் முன்பும் பாராட்டினார். நெரிடா மூன்று சனிக்கிழமை கூடுதலாகப் போய்ச் சுட்டாள். நாலாவது சனிக்கிழமை குண்டுகள் அவள் பலகைக்கே வரத் தொடங்கின.

விண்ணப்பத்தைக் காவல் நிலையத்தில் சார்ஜென்ட் ரொவீனா வாங்கிப் படித்தாள்.

"உண்மையான காரணம்னு ஒரு கட்டம் இருக்கே நெரிடா, அதுல என்ன எழுதியிருக்க?"

"கங்காரு."

"கங்காரு காரணம் இல்ல. அது மிருகம்."

"எனக்கு அதுதான் காரணம்."

ரொவீனா பெருமூச்சு விட்டு, 'விலங்கு நலம்' என்ற இடத்தில் விரல் வைத்துக் காட்டினாள். நெரிடா அங்கே டிக் அடித்தாள். எழுதிய 'கங்காரு'வை அடித்துவிட மறுத்துவிட்டாள்.

"சரி, எங்க வச்சு சுடுவ?"

"ரோட்டுல. அங்கதானே அடிபட்டுக் கிடக்குது."

"ரோட்டுல சுட்டா நானே வந்து உன்னப் பிடிக்கணும். வேலிக்கு உள்ள இழுத்துட்டுப் போய்ச் சுடு. நிலத்துக்காரன்கிட்ட எழுதி வாங்கிட்டு வா."

அந்தச் சாலையில் அடிபடுவதெல்லாம் ஒரே பன்னிரண்டு கிலோமீட்டரில். அதன் இரண்டு பக்கமும் டெஸ் வென்னிங்கின் கோதுமை நிலம். ரொவீனாவுக்கும் அது தெரியும். அவள் மேசையில் இல்லாத ஏதோ ஒரு காகிதத்தைத் தேட ஆரம்பித்தாள்.

டெஸ் வருடம்தோறும் அனுமதி வாங்கி நூற்றிருபது கங்காரு சுடுகிறவன். நெரிடா எழுதிய அந்த மனு அவனை மனதில் வைத்துத்தான். சின்ன வயதில் இருவரும் ஒரே பள்ளி, ஒரே பேருந்து. கடந்த ஆறு வருடத்தில் இருவருக்கும் நடந்த பேச்சு மொத்தம் ஒரு சொல். அதை இங்கே எழுத முடியாது.

அவள் போனபோது டெஸ் கொட்டகையில் விதைப்பு இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தான். பூட்ஸ்களைப் பார்த்தே ஆளை அறிந்துகொண்டான்.

"வா தாயே. நீ வளத்து விட்டதுங்க என் கோதுமைய மேஞ்சது பத்தலன்னு நீயே மேய வந்துட்டியா?"

"ஒரு கையெழுத்து வேணும்."

வெளியே ஊர்ந்து வந்து, கிரீஸ் கையால் கடிதத்தை வாங்கி, உதடு அசைய மூன்று தடவை படித்தான்.

"துப்பாக்கியா? நீயா?"

"நான்தான்."

"என் பேர்ல எழுதின மனுவுல என்ன போட்டிருந்த? 'ரத்தவெறி புடிச்ச'..."

"இன்னொரு வார்த்தையும் இருந்துச்சு. இடம் பத்தலன்னு எடுத்துட்டேன்."

டெஸ்ஸின் மீசை சற்று அசைந்தது. சிரிப்பு என்று அதை உறுதியாகச் சொல்வதற்கில்லை.

"வருஷத்துக்கு நூத்திருபது சுடுறவன் நான். ரோட்டுல கெடக்குறத நான் பாத்துக்க மாட்டேனா? இதுக்கு எதுக்கு நீ?"

"அதத்தான் நானும் கேக்குறேன். தெனமும் உன் வண்டி அந்த வழியாத்தான் போகுது. ஏன் நிறுத்துறதே இல்ல?"

அவன் கந்தலை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். துடைத்து முடித்த விரலையே மறுபடி துடைத்தான். அவனைத் திட்டுவதற்காகவே வழியெல்லாம் நல்ல நல்ல வாக்கியங்களாக அடுக்கிக்கொண்டு வந்திருந்த நெரிடாவுக்கு, இப்போது அதில் ஒன்றையும் எடுக்கத் தோன்றவில்லை.

"எரநூறு மீட்டர்ல அது பயிர் திங்கிற ஜந்து" என்றான் டெஸ். "துப்பாக்கிக் கண்ணாடி வழியா ஒரு புள்ளி. அழுத்தினா புள்ளி விழும். கிட்டப் போனா அப்படி இல்ல. பாக்குது. ஒரு தடவ நிறுத்தி எறங்கினேன், நெரிடா. துப்பாக்கி கைலதான் இருந்துச்சு. திரும்ப ஏறி, ரேடியோவச் சத்தமா வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

தகரக் கூரை வெயிலில் டப்பென்று விரிந்தது. டெஸ் இயந்திரத்தின் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

"கூப்பிட்டா வருவியா?"

"வருவேன்."

"நான் சொன்னத எவன்கிட்டயாவது சொன்ன, இதக் கிழிச்சுப் போட்டுருவேன்."

"எத? நீ ஒன்னும் சொல்லலையே."

உரிமம் வந்ததும் நகரத்துக் கடைக்குப் போனாள். கடைக்காரன் அவள் உயரமே இருந்த ஒன்றை எடுத்து வந்தான்.

"இது யானையையே சாச்சிரும்மா."

"இங்க யானை இல்லையே."

"வந்துட்டா?"

நெரிடா தனக்கு வேண்டியதைச் சொன்னாள். அவள் ஓரடி தள்ளித்தான் நிற்கப் போகிறாள். குண்டு விலங்கோடு நின்றுவிட வேண்டும், கடந்துபோய் யார் வீட்டுச் சமையலறையிலும் நுழையக் கூடாது. முதல் குண்டு தவறினால் அடுத்தது உடனே தயாராக இருக்க வேண்டும். பேருந்தின் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பித் தேய்ந்த தோளுக்குக் கனம் கூடாது. கைக்கு எட்ட வேண்டும். கடைக்காரன் முகம் மாறியது. இத்தனை வருடத்தில் எதற்கு என்று யோசித்து வந்த ஆள் அவனுக்கு அதிகம் வாய்த்ததில்லை போலும். உள்ளே போய் 'இருபத்திரண்டு' எனப்படும் சின்னக் குண்டுத் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்தான். தோளில் வைத்ததும் அது அவளுக்கென்றே அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. தோளில் பதியும் கட்டை இளவயதினருக்கான குட்டை அளவு. ஒரே குறை, அது ரோஜா நிறம்.

"வேற கலர் வரவழைக்க மூணு மாசம் ஆகும்."

"மூணு மாசத்துல அந்த ரோட்டுல எத்தன விழும் தெரியுமா? இதையே எழுதுங்க."

எழுதினாலும் கையில் கிடைக்காது. முதல் துப்பாக்கி என்றால் இருபத்தெட்டு நாள் பொறுக்க வேண்டும், கோபத்தில் வாங்குகிறவர்களின் கோபம் ஆறுவதற்காக. நெரிடாவின் கோபம் ஆறவில்லை. அந்த இருபத்தெட்டு நாளில் இரண்டு முறை அவள் சரளையில் உட்கார்ந்தாள். ஒரு முறை ஒரு மணி நேரம். இன்னொரு முறை நேரத்தைப் பார்க்கவில்லை.

அதற்குள் துப்பாக்கியைப் பூட்டிவைக்கும் இரும்புப் பெட்டியைச் சுவரில் பொருத்தினாள். மர வீட்டில் செங்கல் சுவர் ஒன்றுதான், குட்டிகள் தொங்கும் அறையில். ரொவீனா சோதிக்க வந்து, பெட்டியைப் பிடித்து நாலு தடவை உலுக்கினாள். பக்கத்துத் தலையணை உறையிலிருந்து ஒரு குட்டி தலை நீட்டி, தூக்கம் கலைந்த வீட்டுக்காரனைப்போல அவளைப் பார்த்தது.

"பெட்டி ஆடல" என்றாள் நெரிடா. "எழுதிக்க."

"சாவி எங்க வச்சிருக்க?"

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு வகுப்புல சொன்னாங்க."

"நான் போலீஸ், நெரிடா."

"போலீஸத் தவிரன்னு அவங்க சொல்லல."

செப்டம்பரில் ஒரு காலை, பேருந்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழையும்போதே டெஸ்ஸின் அழைப்பு வந்தது. "வா" என்று மட்டும் சொன்னான். பதினோரு நிமிடத்தில் போய்விட்டாள்.

சாலையோரம் அவன் தன் வேலியைத் தானே வெட்டித் திறந்திருந்தான். உள்ளே, கோதுமைக்கு முன்னால் இருந்த வெறும் பட்டையில், தார்ப்பாய் மேல் ஒரு பெண் கங்காரு. பின்னங்கால் இரண்டும் முறிந்துபோயிருந்தன. டெஸ்ஸின் கோட்டு அதன் முகத்தை மூடியிருந்தது. அவன் வண்டிக்கு அந்தப் பக்கம் வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வேலிக்கு உள்ளதான் இருக்கு" என்றான். "சட்டப்படி."

"எனக்குப் பின்னால வந்து நில்லு."

வந்து நின்றான். துப்பாக்கியின் நிறத்தைப் பார்த்தான். வேறு எந்த நாளாக இருந்தாலும் ஒரு வருடத்துக்குப் போதுமான கேலி அவனிடம் இருந்திருக்கும். நெரிடா மண்டியிட்டாள். வகுப்பில் சொன்ன இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். விசையை அழுத்தினாள். பலகை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். கோட்டு அசையாமல் கிடந்தது. இரண்டாவது குண்டை வெளியே எடுத்துத் தனியாகப் பையில் போட்டுவிட்டு, கோட்டை விலக்கி அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். இமை அசையவில்லை.

பிறகு வயிற்றுப் பைக்குள் கைவிட்டாள். உள்ளே வெதுவெதுப்பாக, காலியாக இருந்தது. விரல்கள் துழாவி ஓரிடத்தில் நின்றன.

"காம்பு நீண்டிருக்கு டெஸ்."

"அப்படின்னா?"

"குட்டி இருக்கு. பைய விட்டு எறங்கி நடக்குற வயசு. அம்மா விழுந்ததும் எங்கயாவது ஓடிப் பதுங்கியிருக்கும். பால் இல்லாம ரெண்டு நாள் தாங்காது."

சாலையின் மறுபக்கம் இந்த வருடம் விதைக்காமல் விட்ட வெறும் தரை. எலி பதுங்கவும் இடமில்லை. இந்தப் பக்கம் இடுப்பளவு பச்சைக் கோதுமை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை. சொந்த நாயைக்கூட அதற்குள் விடாதவன் டெஸ்.

அவன் தொப்பியைக் கழற்றி வேலிக்கம்பத்தில் மாட்டினான்.

"எப்படிக் கூப்பிடணும்?"

"நாக்க மேலண்ணத்துல தட்டு. மெதுவா. அது அம்மா சத்தம்."

ஒரு தடவை தட்டிப் பார்த்தான். கோழி கூப்பிடுவதுபோல இருந்தது. இன்னும் மெதுவாக என்று அவள் கை காட்டினாள். டெஸ் வென்னிங் இரண்டு கையாலும் பயிரை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்தான், கிரீஸ் படிந்த அந்தப் பெரிய உடம்பைக் கூனிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் நாக்கைத் தட்டிக்கொண்டு. அவனுக்குப் பின்னால் சாய்ந்த கோதுமை எழவில்லை. நெரிடா இருபது அடி தள்ளி இன்னொரு வரிசையில் இறங்கினாள். அவனுக்கு முன்னே, வெகு தூரத்தில், கதிர்கள் ஓரிடத்தில் மட்டும் லேசாக ஆடின. டெஸ் நின்று கையை உயர்த்தினான். காற்றும் அப்போது கொஞ்சம் இருந்தது.