புயலும் நடுப்பலகையும்

பல் டாக்டரின் மகளுக்கு அப்பாவை நினைத்துப் பெருமைப்படுவது கொஞ்சம் கஷ்டம்தான். என் மகளுக்கு ஆறு வயது. வகுப்பில், "உங்க அப்பா என்ன வேலை பாக்கறாரு?" என்று கேட்டதற்கு, "எல்லாரையும் அழ வைப்பாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். முழுப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

அவளுடைய நாயகன் வேறு ஆள். என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த புயல். வருவான் வருவான் என்று எல்லோரும் காத்திருக்க, கடைசி நேரத்தில் வேறு பக்கம் போய்விடுவான் என்பதால் அந்தப் பெயர். லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பதாவது மாடியில் கயிறு அறுந்து தொங்கிய லிஃப்டை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்திய கதையை அவன் அளந்துவிடும்போது என் மகள் வாய் பிளந்து கேட்பாள். வேலையில் பாதி நாள் பட்டன் மாற்றுவதிலேயே போகிறது என்று அவனே என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறான். அதை அவளிடம் சொன்னேன். "உங்களுக்குப் பொறாமை" என்றாள்.

பொறாமைதான். அவனைப் பார்க்கும் அந்தப் பார்வை ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினால் போதும் என்றிருந்தது. அதற்காகவே இருபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், வாக்கிங் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, ஏரிக்குப் போய்ப் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொண்டேன். வாக்கிங் போனவன் ஏன் முட்டிவரை நனைந்து வருகிறான் என்று மனைவி ஒருநாளும் கேட்கவில்லை. அதில் வேறு எனக்கு வருத்தம்.

ஒருவழியாக எல்லோரையும் படகில் ஏற்றிக் காட்டும் அந்த மதியம் வந்தது. நான், மனைவி, மகள், புயல், அவனுடைய நாலு வயது இரட்டையர்கள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டுப் பாயை ஏற்றினேன். இதமான காற்று. படகு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. திருப்பத்தில் பாயை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினேன். யார் கையிலிருந்த பிஸ்கட்டும் நொறுங்கவில்லை. என் படகு ஆசிரியர் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார்.

யாரும் கவனிக்கவில்லை. படகோட்டுவதில் உள்ள கஷ்டமே இதுதான். ஒழுங்காக ஓட்டினால் ஒன்றுமே நடக்காது.

"நல்லா காத்து வருதுல்ல" என்றாள் மனைவி, கண்ணை மூடிக்கொண்டு. ஏதோ நான் ஃபேன் போட்டுவிட்ட மாதிரி.

புயல் பிள்ளைகளிடம், "ஒருநாள் லிஃப்டுக்குள்ள இருபது பேரு மாட்டிக்கிட்டாங்க..." என்று ஆரம்பித்தான். போன மாதம் அது பன்னிரண்டு பேர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாய்க் கயிற்றை இழுத்துப் பிடித்தேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து வேகமெடுத்தது. தண்ணீர் முகத்தில் தெறிக்க, இரட்டையர்கள் சிரித்தார்கள். மகள் திரும்பிப் பார்க்கிறாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது தண்ணீரை.

படகின் அடியில், தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை ஒன்று உண்டு. நடுப்பலகை என்போம். படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்வது அதுதான். ஆழம் குறைந்த இடத்தில் அதை மேலே தூக்கிவிட வேண்டும் என்பது முதல் ஞாயிற்றுக்கிழமைப் பாடம். கோரைப் புல் ஓரமாக அது சேற்றில் குத்தியது. படகு நின்றது. பிஸ்கட் எல்லாம் பறந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி, கண்ணைத் திறந்து.

"ஒண்ணுமில்ல, ஒரு நிமிஷம்..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "நீ உக்காருடா, நான் பாத்துக்கறேன்" என்று புயல் குதித்துவிட்டான். தொடையளவுத் தண்ணீர். படகின் முன்பக்கத்தில் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினான். அசையவில்லை. இன்னொரு தள்ளு. ம்ஹூம். மூன்றாவது தடவை அவன் தம் பிடித்தபோது, நான் ஒற்றைக் கையால் நடுப்பலகையை மேலே இழுத்தேன். படகு வெண்ணெய் மாதிரி பின்னால் நழுவ, அவன் குப்புற விழுந்து, சேறு வழிய எழுந்தான்.

"மாமா போட்டையே தள்ளிட்டாரு" என்று இரட்டையர்களில் ஒருவன் தன் அப்பாவையே மாமா என்று கூவினான். அந்த அளவுக்கு உணர்ச்சிவசப்பட்டிருந்தான்.

"அண்ணா, நீங்க மட்டும் இல்லன்னா!" என்றாள் மனைவி.

கரைக்கு வந்து பாயைச் சுருட்டும்போது முடிவு செய்துவிட்டேன். படகை நகர்த்தியது நான்தான் என்று சொல்லிவிட வேண்டும். இன்றைக்கே, எல்லோர் முன்னாலும். மனைவியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் மகள் என் சட்டையைப் பிடித்துத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, நீங்க அந்தப் பலகைய மேல இழுத்தீங்கல்ல? நான் பாத்தேன். அதனாலதான போட்டு நகந்துச்சு?"

"ஆமாடா கண்ணு."

அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். அதே பார்வை. இருபத்திரண்டு என்ன, இருநூறு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் போயிருப்பேன்.

"மாமாகிட்ட சொல்லிடாதீங்கப்பா" என்றாள். "பாவம், அவரு தான்தான் தள்ளினோம்னு நெனச்சிட்டிருக்காரு."

"அம்மாகிட்ட மட்டும்?"

"அம்மா மாமாகிட்ட சொல்லிடுவாங்க. யார்கிட்டயும் வேணாம்."

அந்தப் பக்கம் புயல் என் படகு ஆசிரியரைப் பிடித்துக்கொண்டிருந்தான். "கழுத்தளவு தண்ணி சார்."

ஏரியை அணு அணுவாக அறிந்த அந்த மனிதர் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என்ன டாக்டர், பலகைய தூக்க மறந்துட்டீங்களா?"

மகளின் விரல்கள் என் கையை இறுக்கின.

"மறந்துட்டேன் சார். நல்லவேளை, இவன் இருந்தான்" என்றேன்.

"விடுங்க சார்" என்றான் புயல், சேற்றுக் கையை என் தோளில் போட்டு. "பல்லு பாக்கறவன்கிட்ட போய் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியுமா?"