பின்னோக்கி வந்த பீங்கான் அலமாரி

மித்வல்லியின் மகள் நவாலுக்குச் சீர் போகும் நாள். கட்டிலும் குளிர்பெட்டியும் முன்வண்டியில் போய்விட்டன. பஞ்சு மெத்தைகள் மாப்பிள்ளை வீட்டு வாசலில் மலையாகக் குவிந்து கிடந்தன. பீங்கான் அலமாரி மட்டும் ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். கால்வாய்க்கரை ஊர்களில் ஒரு பெண்ணின் மதிப்பு அந்தக் கண்ணாடிக்குள் நிற்கும் கோப்பைகளில் இருக்கிறது. அவற்றில் எவரும் தேநீர் குடித்ததாகச் சரித்திரம் கிடையாது.

மாப்பிள்ளையின் தாய் ரத்தீபா முன்பே சொல்லியனுப்பியிருந்தாள்: "கண்ணாடியில ஒரு விரிசல் இருந்தாலும் அலமாரி திரும்பும். கூடவே பொண்ணும் திரும்பும்." சொன்னால் செய்கிறவள்.

அதனால் டிப்பர் லாரியின் தொட்டியில் மித்வல்லியே காவலுக்கு ஏறிக்கொண்டார். அலமாரியின் அடி கீறாமலிருக்க அவர் மனைவி வழவழப்பான புதுப் பட்டு ரஜாய்ப் போர்வையை விரித்திருந்தாள். ஊரார் கண்ணுக்கு மறையக் கூடாதென்று தொட்டியின் பின்கதவையும் கழற்றியாயிற்று. வழியில் கேட்பவர்களுக்குக் கொடுக்க ஒரு வாளிச் சிவப்பு சர்பத்து பக்கத்தில் கட்டியிருந்தது.

ஓட்டியவன் மைத்துனன் ஷாபான். கூட வந்த மேளத்துக்கு ஏற்ப ஆடிக்கொண்டே ஓட்டினான். மாப்பிள்ளை வீட்டைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் போனதும் அவன் இடுப்பு எந்த விசையில் இடித்ததோ, தொட்டியின் முன்பக்கம் எழும்பிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அலமாரி பட்டின்மேல் வழுக்கியது. மித்வல்லி வெறுங்காலை இரும்பில் ஊன்றி முதுகைக் கொடுத்தார்.

ஷாபான் பிரேக்கை மிதித்தான். வண்டியின் வேகம் குறையும்வரை அலமாரி ஒட்டவைத்ததுபோல் நின்றது. வண்டி நின்றதும் மறுபடி வழுக்கியது.

"தொட்டிய எறக்குடா."

"எறங்க மாட்டேங்குது மச்சான். கொஞ்சம் முன்னால எடுத்துப் பாக்குறேன்."

எடுத்தான். அலமாரி முன்னைவிட விரசாகப் பாய்ந்தது. மித்வல்லியின் குதிகால் தொட்டி விளிம்புக்கு வெளியே போனது.

"பாவி, பின்னால போ. பின்னால."

வண்டி பின்னோக்கிப் பாய்ந்ததும் சரிவே அலமாரியைத் தாங்கித் தள்ளிக்கொண்டு வந்தது. மித்வல்லி கையை எடுத்துப் பார்த்தார். அசையவில்லை. வாளியிலும் தொட்டியின் சாய்வுக்கே சர்பத்து சாய்ந்து நின்றது. ஒரு துளி சிந்தவில்லை.

"இந்த வேகம் போதுமா மச்சான்?" என்று ஷாபான் ஒரே சீராக ஓட்டினான். உடனே சர்பத்து கீழ்விளிம்புக்கு வந்தது, அலமாரியும் நகர்ந்தது.

"வேகம் இருந்தாப் பத்தாதுடா. ஏறிக்கிட்டே இருக்கணும். மிதி."

சர்பத்து விளிம்பைப் பார்க்கும்போதெல்லாம் அவர் "மிதி" என்றார். அவன் மிதித்தான். எவ்வளவு வேகம் என்று கேட்கக் கூடாது. வழியில் அடித்த ஹாரன் சத்தம் வண்டி வந்து சேர்ந்தபிறகுதான் வந்து சேர்ந்தது.

"மச்சான், நிறுத்தணுமே?"

"அதான் யோசிக்கிறேன். மெத்தை தெரியுது. நேரா விட்டு மிதி பிரேக்க."

லாரி நின்றது. அலமாரி நிற்கவில்லை. கட்டிப்பிடித்திருந்த மித்வல்லியோடு மெத்தைமேல் விழுந்து, வழுக்கி, வாசலுக்குள் நுழைந்து, கூடத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டது.

ரத்தீபா குனிந்தாள். கண்ணாடியை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினாள். மித்வல்லி மூச்சு விடவில்லை.

"கண்ணாடி முழுசா இருக்கு. உள்ள ஒரு சாசர் மட்டும் ஒடஞ்சிருக்கு. போகட்டும், வர இருந்த கெட்டதை அது எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு" என்றாள். பெண்கள் குலவையிட்டார்கள். மித்வல்லி மூச்சை விட்டார். அலமாரியில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்தார். யாரோ அவருக்குச் சர்பத்து கொடுத்தார்கள். அதே வாளிதான். நிறைய இருந்தது.

ரத்தீபா தள்ளி நின்று பார்த்தாள். "ஒரு சாண் இடப்பக்கம் நின்னிருக்கலாம்."

"அதுக்கென்ன சம்பந்தியம்மா, லாரி வெளியிலதான் நிக்குது. ஒரு சுத்து போயிட்டு வரவா?" என்றார் மித்வல்லி.

அந்த வீட்டில் ரத்தீபா சிரித்ததை அன்றுதான் பார்த்தார்கள்.